அந்தப் படத்துல இருக்கற ரைஃபிள் வேறங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அமெரிக்கத் துப்பாக்கி கலாச்சாரம் பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துச்சு, படிச்சேன். ஸ்கூல்ல நடக்கற துப்பாக்கிச்சூடு பத்தி எழுதினது எல்லாம் சரிதான், அதுல எதையும் நான் மறுக்க வரல. எம் புள்ளைங்களும் இங்க பென்சில்வேனியாவுலதான் ஸ்கூலுக்குப் போகுதுங்க, கதவப் பூட்டிட்டு லைட்ட அணைச்சுட்டு சத்தம் போடாம ஒரு மூலையில உக்காந்து பழகற ட்ரில் அதுங்களுக்கும் உண்டு, அத வீட்ல வந்து சாதாரணமா சொல்லும்போது பெத்தவங்களுக்கு வயிறு கலங்கிடும். ஆனா அந்தக் கட்டுரைக்கு நீங்க போட்ட படம் இருக்கே, மரக்கட்டை வச்சு, ட்ரிக்கரச் சுத்தி பெரிய இரும்பு வளையம் இருக்கற பழைய காலத்து ரைஃபிள், அது லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்ங்க. படத்துக்குக் கீழ "கண்ணிமைக்கும் நேரத்தில் பல உயிர்களைப் பறிக்கும் ஆயுதம்"னு போட்டிருந்தீங்க. அத வச்சு வருஷா வருஷம் மானுக்கும் கரடிக்கும் காட்டுக்குப் போற ஆளு நானு, அதனாலதான் இத எழுதறேன்.

தெரியாதவங்களுக்காக அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன். ஒரு தடவை ட்ரிக்கர இழுத்தா ஒரு குண்டுதான் போகும். அடுத்தது வேணும்னா அந்த லீவர கீழ முன்பக்கமா தள்ளணும், சுட்ட தோட்டாவோட காலிக்கூடு வெளிய தெறிக்கும், திரும்ப இழுத்து மூடினாத்தான் புதுத் தோட்டா சேம்பருக்குள்ள, அதாவது பேரலோட பின்பக்க அறைக்குள்ள ஏறும். பேரலுக்குக் கீழ ஒட்டின மாதிரி போற குழாய்தான் மேகசின். அத ரொப்பறதுக்கு கழட்டி மாட்டற பெட்டியெல்லாம் கிடையாது, பக்கவாட்டுல ஒரு சின்ன ஸ்பிரிங் கதவு இருக்கும், அத கட்டைவிரலால அமுக்கி ஒவ்வொரு தோட்டாவா உள்ள தள்ளணும், என்னோடதுல நாலுதான் கொள்ளும். நவம்பர் குளிர்ல விரல் மரத்துப்போய் இருக்கும்போது அந்தக் கதவோட விளிம்பு நகத்துக்குப் பக்கத்துல தோல சீவிடும், அதனால பழகினவங்க தோட்டாவ முழுசா உள்ள தள்ளமாட்டாங்க, முக்கால்வாசி தள்ளிட்டு அடுத்த தோட்டாவோட மூக்கால மீதிய தள்ளுவாங்க, கடைசி ஒண்ணுக்கு மட்டும்தான் விரல் உள்ள போகும். இப்படி நாலு தோட்டா போடவே நேரம் எடுக்கற ஒரு சாமானத்துக்குத்தான் நீங்க அந்த வரிய எழுதியிருக்கீங்க.

லீவர் ஆக்‌ஷன்னாலே கௌபாய் ஞாபகம்தான் எல்லாருக்கும் வரும். அந்த கௌபாய் ரைஃபிள் பெரும்பாலும் வின்செஸ்டர் 1873, அது கைத்துப்பாக்கிக்கும் போடற மாதிரி குட்டையான தோட்டாவ சுடறது, மானுக்கே கிட்டப் போய் நின்னாத்தான் சரி, எருமைக்கும் கரடிக்கும் எடுபடாது. பெரிய தோட்டா போடறதுக்காக 1876ல ஒண்ணு கொண்டுவந்தாங்க, பிலடெல்ஃபியாவுல நடந்த சுதந்திர நூற்றாண்டு கண்காட்சில வச்சாங்க, ஆனா உள்ள இருந்த மெக்கானிசம் 1873ல இருந்த அதே பழைய மடக்கு இணைப்புதான், முழங்கை மாதிரி மடங்கி நீளறது. அமெரிக்க ராணுவம் 1873லயே ஏத்துக்கிட்ட ஃபார்ட்டி ஃபைவ் செவன்ட்டி தோட்டா அதுக்குள்ள நீளத்துக்கே கொள்ளல. மார்லின் கம்பெனிதான் 1881ல அந்தத் தோட்டாவ லீவர் ரைஃபிள்ல வெற்றிகரமா கொண்டுவந்து காட்டினது.

அப்புறம்தான் ஜான் பிரவுனிங் வர்றார். யூட்டாவுல ஆக்டன்ங்கற சின்ன ஊர்ல அப்பாவோட துப்பாக்கிப் பட்டறையில வளந்தவர். 1883ல வின்செஸ்டர் கம்பெனியோட பெரிய ஆளு ஒருத்தர் அவரத் தேடி ரயில் ஏறி ஆக்டனுக்கே போய் அவரோட சிங்கிள் ஷாட் (ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடற) ரைஃபிளோட உரிமைய வாங்கினார், அந்தத் தொடர்புலதான் அடுத்து இந்த லீவர் டிசைனும் கம்பெனிக்குப் போச்சு. 1886ல அது வெளிய வரும்போது பிரவுனிங்குக்கு 31 வயசு. அவர் பண்ணது என்னன்னா, தோட்டாவுக்குப் பின்னாடி நிக்கிற போல்ட்ட பிடிக்கறதுக்கு அந்த மடக்கு இணைப்ப தூக்கிப்போட்டுட்டு, ரெண்டு பக்கமும் கீழேருந்து மேல ஏறி நிக்கிற ரெண்டு கனமான எஃகுத் துண்டு வச்சார், கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள் போட்ட மாதிரி. லீவர மூடினா ரெண்டும் ஒண்ணா மேல ஏறிப் பூட்டிக்கும், திறந்தா ரெண்டும் இறங்கும். அவ்ளோதான் விஷயம், ஆனா அந்த ரெண்டு துண்டாலதான் ஃபார்ட்டி ஃபைவ் செவன்ட்டி, ஃபார்ட்டி ஃபைவ் நைன்ட்டி, ஃபிஃப்டி ஒன் டென் வரைக்கும் பெரிய பெரிய தோட்டாவெல்லாம் லீவர் ரைஃபிளுக்குள்ள வந்துச்சு. 1935 வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு லட்சத்து அறுபதாயிரம் செஞ்சிருக்காங்க. இன்னைக்கும் அதே டிசைன ஜப்பான்ல மிரோக்கு கம்பெனி செஞ்சு வின்செஸ்டர் பேர்ல விக்கிது. நூத்தி நாப்பது வருஷமா ஒரு மெஷின் மாறாம நிக்குதுன்னா அத செஞ்சவன் கைய கும்பிடணும்னு எனக்குத் தோணும்.

ஃபார்ட்டி ஃபைவ் செவன்ட்டின்னா குண்டோட விட்டம் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி, அந்தக் காலத்துல அதுக்குள்ள 70 கிரெயின் (தோட்டாவுக்குன்னு இருக்கற சின்ன எடை அளவு) கருமருந்து. முன்னாடி இருக்கற ஈயக்குண்டு 405 கிரெயின், நம்ம கணக்குல 26 கிராம். நீங்க கட்டுரையில சொன்ன, தோட்டா தானா ஏறற ஏஆர் வகைத் துப்பாக்கியோட குண்டு சாதாரணமா 55 கிரெயின், நாலு கிராம்கூட வராது, ஆனா நொடிக்கு மூவாயிரம் அடிக்கு மேல பறக்கும். இந்த பெரிய குண்டு பழைய ஃபேக்டரி லோடுல 1,300 அடிச் சொச்சம்தான் போகும். கனமா மெதுவா போய் எலும்பு வந்தாலும் திரும்பாம நேரா உள்ள போய் அந்தப் பக்கம் வெளிய வரும். அதனால கிட்டத்துல இருக்கற பெரிய மிருகம் ரொம்ப நேரம் துடிக்காது, இது ஒண்ணுதான் வேட்டைக்காரன் ஒரு தோட்டாகிட்ட எதிர்பாக்கறது.

கிட்டத்துலன்னு சொன்னேன்ல, அதுதான் முக்கியமான விஷயம். நூறு கஜத்துக்கு சைட் செட் பண்ணியிருந்தா இருநூறு கஜத்துல இந்த குண்டு கிட்டத்தட்ட ரெண்டடி கீழ இறங்கிடும். தூரத்த கண்ணால கொஞ்சம் தப்பா மதிச்சாலும் மானோட நெஞ்சுக்குப் போக வேண்டியது காலுக்குப் போகும், காலொடிஞ்ச மான் மூணு நாள் காட்டுல கிடந்து சாகும். அதனால இந்த ரைஃபிள எடுத்துட்டுப் போறவன் நூறு நூத்தம்பது கஜத்துக்கு மேல நிக்கிற எதையும் பாத்துட்டு விட்டுட வேண்டியதுதான். இப்பல்லாம் ஐநூறு அறுநூறு கஜத்துலேருந்து பெரிய டெலஸ்கோப் வச்சு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு சுடறாங்க, மிருகத்துக்கு ஆள் வந்ததே தெரியாது, மூக்குக்கும் காதுக்கும் வேலையே இல்ல, எனக்கு அது வேட்டைன்னே தோணல. லீவர் ரைஃபிள் வச்சிருக்கறவன் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கணும், காஞ்ச இலை மேல கால வைக்காம நடக்கணும், மிருகத்துக்கு தப்பிக்கறதுக்கு எல்லா வாய்ப்பும் இருக்கும், பெரும்பாலும் தப்பிச்சும் போயிடும்.

என்னோடது மார்லின் 1895. பேருல 1895 இருந்தாலும் அந்தப் பழைய மாடல் 1917லயே நின்னுபோச்சு, 1972ல திரும்ப கொண்டுவந்தாங்க, நான் வச்சிருக்கறது அதுக்கப்புறம் கனெக்டிகட்ல செஞ்சது, பேரல் மேல ஜே எம்னு ஒரு சின்ன முத்திரை குத்தியிருக்கும், அத வச்சிருக்கறவங்க லேசுல விக்க மாட்டாங்க. அந்தக் கம்பெனி அப்புறம் கை மாறி கை மாறி 2020ல ரூகர் வாங்கி, 2021 கடைசியிலேருந்து நார்த் கரோலைனாவுல செய்யறாங்க, புதுசும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. மார்லின்ல மேல் பக்கம் மூடி இருக்கும், காலிக்கூடு சைடுல தெறிக்கும், அதனால கண்ணு மங்கினவங்க ஸ்கோப் மாட்டிக்கலாம். நான் பின்பக்கம் ஒரு சின்ன வட்ட ஓட்டை சைட்டும் முன்னாடி பித்தளை முத்து சைட்டும்தான் வச்சிருக்கேன், சாயங்கால வெளிச்சத்துல அந்த முத்து மட்டும் லேசா மின்னும்.

பக்கத்து வீட்ல ஒரு பெரியவர் இருக்கார், ஸ்டீல் மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், எனக்கு வேட்டை கத்துக்கொடுத்ததே அவர்தான். அவர்ட்ட அவங்க தாத்தா காலத்து 1886 ஒண்ணு இருக்கு, எட்டுப் பட்டை பேரல், தூக்கினா நாலு கிலோவுக்கு மேல கனம், நீலப் பாலிஷ் எல்லாம் போய் பழுப்பா, கை பிடிக்கிற இடம் மட்டும் பளபளன்னு இருக்கும். அதோட கட்டை முடியற இடத்துல பிறையா வளைஞ்ச இரும்புத் தகடு. இப்ப இருக்கற ரைஃபிள் மாதிரி தோள்குழியில வச்சு சுட்டா அந்தக் கொம்பு ரெண்டும் குத்தி மறுநாள் கைய தூக்க முடியாது, தோளுக்கு வெளிப்பக்கம் கை ஆரம்பிக்கிற மூட்டுல கோத்த மாதிரி வச்சு, முழங்கைய உயரத் தூக்கி சுடணும், பழைய போட்டோவுல ஆளுங்க அப்படித்தான் நிப்பாங்க. அவர் எனக்கு முதல்ல சொன்னது (ஹேமர்னா சுடறதுக்கு முன்னாடி பின்னுக்கு இழுத்து வைக்கிற சுத்தியல்), "முடி முடியா தெரியற தூரத்துக்கு வர்ற வரைக்கும் ஹேமர பின்னால இழுக்காதப்பா" அப்படின்னு. இன்னைக்கு வரைக்கும் நான் அத மீறினதில்ல.

இங்க வடக்குப் பக்கம் பாட்டர், லைக்கமிங் கவுன்ட்டி மலையெல்லாம் மவுன்டன் லாரல்னு ஒரு புதர் அடைச்சுக் கிடக்கும், ஆள் உயரத்துக்கு மேல, பனிக்காலத்துலயும் இலை உதிராது, உள்ள நுழைஞ்சா பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது. கருங்கரடி படுக்கறது அதுக்குள்ளதான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சில நாள்தான் ரைஃபிள் வச்சு கரடிக்குப் போற முக்கியமான சீசன், இந்த ஸ்டேட்ல நாய விடக்கூடாது, இரை போட்டு வரவழைக்கவும் கூடாது, ஒரு கூட்டம் வரிசையா புதருக்குள்ள நடந்து வரும், இன்னொரு கூட்டம் அந்தப் பக்கம் நிக்கும். நான் நிக்கிற பக்கம். முதல்ல சத்தம்தான் வரும், மான்னா டக்கு டக்குன்னு நின்னு நின்னு வரும், கரடி வர்றது அப்படி இல்ல, ஏதோ ஒரு கனமான சாமானத்த தரதரன்னு இழுத்துட்டு வர்ற மாதிரி புதர் அலுங்கிக்கிட்டே இருக்கும். அன்னைக்கு இருபத்தஞ்சு கஜத்துல ஒரு ஹெம்லாக் மரத்துக்குப் பக்கத்துல தலை வெளிய வந்துச்சு, மூக்குக்குப் பக்கத்துல இருக்கற பழுப்பு நிறம் தெரிஞ்சது, நின்னு காத்த மோந்தது. பின்னாடி குட்டி ஏதாவது வருதான்னு பாத்தேன், வரல, வரிசையில வர்ற எங்க ஆளுங்க எல்லாம் ஆரஞ்சு கலர்ல இடது பக்கம் ரொம்பத் தள்ளி தெரிஞ்சாங்க, அதுக்கப்புறம்தான் ஹேமர் பின்னால போச்சு. பித்தளை முத்த முன்னங்காலுக்குப் பின்னாடி வச்சு இழுத்தேன், இருபது அடி கூட ஓடல. லீவர தள்ளி அடுத்தத ஏத்தினது எனக்கே தெரியாது, கை தானா செஞ்சிருக்கு, காலிக்கூடு பனியில விழுந்து உஸ்ஸுனு ஆவி வந்ததப் பாத்துதான் தெரிஞ்சது. அத இழுத்துட்டு ரோட்டுக்கு வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு.

சுட்டுட்டா முடிஞ்சதுன்னும் இல்ல. 24 மணி நேரத்துக்குள்ள கரடிய கேம் கமிஷனோட (ஸ்டேட்டோட வனவிலங்குத் துறை) செக் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகணும், அங்க எடை போடுவாங்க, சின்ன பல்லு ஒண்ண பிடுங்கி வச்சுப்பாங்க, மரத்த அறுத்தா தெரியற வளையம் மாதிரி பல்லுலயும் வளையம் இருக்கு, அத எண்ணி வயசு சொல்லிடுவாங்க, அந்தக் கணக்க வச்சுத்தான் அடுத்த வருஷம் எத்தன நாள் சீசன்னு முடிவாகுது. கறி முழுசும் வீட்டுக்கு வந்துச்சு, கரடிக் கறியில ட்ரிக்கினெல்லான்னு ஒரு புழு இருக்கலாம், அதனால நல்லா வேகாம சாப்டவே கூடாது, குக்கர்ல வச்சு எடுத்து மிளகு தூக்கலா போட்டு வறுத்தாங்க வீட்ல. மான் கறி அதிகமாயிட்டா இங்க 1991லேருந்து ஹன்டர்ஸ் ஷேரிங் த ஹார்வெஸ்ட்னு ஒரு திட்டம் நடக்குது, அதுல சேந்த கறிக்கடையில கொடுத்துட்டா வெட்டி அரைச்சு பசிச்சவங்களுக்குச் சாப்பாடு போடற இடத்துக்கு அனுப்பிடுவாங்க. உங்க கட்டுரையில "விளையாட்டுக்காக உயிர் பறிக்கும் கூட்டம்"னு ஒரு வரி இருந்துச்சு, அந்தக் கறிக்கு வரிசையில நிக்கிறவங்கள பாத்திருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டீங்க.

அப்புறம் சட்டம். அமெரிக்காவுல யாரு வேணா கடைக்குப் போய் துப்பாக்கி வாங்கிட்டு வரலாம்னு நம்ம ஊர்ல நெனக்கறாங்க. லைசென்ஸ் உள்ள கடையில வாங்கினா 4473னு ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுக்கணும், ஆளோட குத்தப் பதிவ பாக்கற பேக்ரவுண்ட் செக் ஓடும், பல ஸ்டேட்ல எஃப்பிஐ நடத்தும், பென்சில்வேனியாவுல ஸ்டேட் போலீஸ் நடத்தும். நான் கிரீன் கார்டு வந்தப்புறம்தான் வாங்கினேன். எச்-1பி விசாவுல இருக்கற நம்ம பசங்க கவனிக்கணும், அவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி பொதுவா குத்தம், செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் வச்சிருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா வக்கீல கேக்காம நண்பன் சொன்னான்னு போய் மாட்டிக்காதீங்க, விசாவே போயிடும். வேட்டை லைசென்ஸ் முதல்ல எடுக்கறதுக்கு பாதுகாப்பு வகுப்பு முடிச்சு பரீட்சை எழுதணும். காட்டுல மான், கரடி சீசன்ல தலை, நெஞ்சு, முதுகு சேத்து 250 சதுர அங்குலத்துக்கு கண்ணப் பறிக்கிற ஆரஞ்சு துணி போட்டிருக்கணும், குடியிருக்கற வீட்லேருந்து 150 கஜத்துக்குள்ள சுடக்கூடாது, வண்டிக்குள்ள லோடு பண்ணின ரைஃபிள் இருக்கக்கூடாது.

இதெல்லாத்தயும் விட ஒரு விஷயம், உங்க நிருபர் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். பென்சில்வேனியாவுல மான், கரடி மாதிரி பெரிய மிருகத்துக்கு செமி ஆட்டோமேட்டிக், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறற ரைஃபிள் எடுத்துட்டுப் போகவே கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால ஏத்தற ரைஃபிள்தான், லீவரோ போல்ட்டோ பம்ப்போ. 2017ல சட்டத்த தளர்த்தினப்பகூட முயல், நரி மாதிரி சின்னதுக்கு மட்டும்தான் செமி ஆட்டோவ விட்டாங்க. துப்பாக்கி அதிகமா இருக்கற ஸ்டேட்லயே வேட்டைக்காரங்க தங்களுக்குத் தாங்களே இப்படி ஒரு கட்டுப்பாடு வச்சிருக்காங்க. அதே மாதிரி எஃப்பிஐ வருஷா வருஷம் வெளியிடற கணக்குல, எந்த வகைத் துப்பாக்கின்னு தெரிஞ்ச கொலைகள்ல பெரும்பாலானது கைத்துப்பாக்கியாலதான் நடந்திருக்கு, ரைஃபிள்னு மொத்தமா எடுத்தாலே கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துலயும் லீவர் ரைஃபிள தேடித்தான் பிடிக்கணும். இத வச்சு சட்டமே வேண்டாம்னு நான் சொல்லல. துப்பாக்கிய வீட்ல பூட்டி வைக்கணும்னு பென்சில்வேனியாவுல இன்னும் பொதுவான சட்டம் இல்ல, வரணும்னு நான் ஆசைப்படறேன், என் ரைஃபிள் இரும்புப் பெட்டியில ஒரு பூட்டுல இருக்கு, தோட்டா வேற ரூம்ல வேற பூட்டுல இருக்கு, புள்ளைங்க இருக்கற வீட்ல வேற எப்படியும் வைக்க முடியாது.

இந்த மாதிரி பழைய ரைஃபிள் மேல ஆசைப்பட்டு வாங்கறவங்க நம்ம ஆளுங்கள்லயும் இப்ப வந்துட்டாங்க, டெக்சாஸ்லேருந்து ஒருத்தர், மிச்சிகன்லேருந்து ஒருத்தர்னு எங்கிட்ட கேப்பாங்க, அவங்களும் உங்க பேப்பர் படிக்கறவங்கதான், அதனால இத இங்கயே சொல்லிடறேன். குழாய் மேகசின்ல தோட்டா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு படுத்திருக்கும், ஒவ்வொண்ணோட மூக்கும் முன்னாடி இருக்கறதோட பிரைமர் (தோட்டாவோட அடியில, தட்டினா தீப்பிடிக்கற பாகம்) மேல இடிச்சுக்கிட்டு நிக்கும். கூர் மூக்குத் தோட்டாவ அதுக்குள்ள போட்டா சுடும்போது வர்ற உதையில உள்ளயே வெடிச்சுடலாம், இடது கை இருக்கற இடம் அது. தட்டை மூக்குத் தோட்டாதான் போடணும், இல்லன்னா ஹார்னடி கம்பெனி இருபது வருஷமா விக்கிற, மூக்கு ரப்பர் மாதிரி அமுங்கற வகை. ரெண்டாவது, ஃபார்ட்டி ஃபைவ் செவன்ட்டின்னு பெட்டியில போட்டிருந்தா எல்லா ஃபார்ட்டி ஃபைவ் செவன்ட்டிலயும் போட்டுடலாம்னு அர்த்தம் இல்ல. ஃபேக்டரில செய்யற சாதாரண தோட்டாவுக்கு அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தன பவுண்டுன்னு கணக்கு)தான் உச்சம், 1873 ராணுவ ரைஃபிள்ல போட்டாலும் தாங்கணும்னு வச்ச அளவு அது. ஆனா புது மார்லின்ல மட்டும் போடறதுக்குன்னு அதவிட ரொம்ப சூடான, அதாவது அழுத்தம் கூடின லோடு சில கம்பெனிங்க விக்கிறாங்க, பெட்டிமேலயே எச்சரிக்கை இருக்கும், அத கொண்டுபோய் நூறு வருஷத்து எஃகுல போட்டா சேம்பர் கிழியும், முகம் அதுக்கு ரொம்பக் கிட்டத்துலதான் இருக்கு. 1898 வரைக்கும் செஞ்ச ரைஃபிள ஃபெடரல் சட்டம் பழம்பொருள்னு தனியா வச்சிருக்கு, கடை ஃபார்ம் எதுவும் இல்லாமயே கை மாறும், அதனாலயே அத வாங்கறவங்க முதல்ல ஒரு நல்ல கன்ஸ்மித்துகிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கொடுத்து பாத்துட்டுத்தான் தோட்டாவ தொடணும். காலி பண்ணும்போது லீவர ஆட்டி ஆட்டி வெளிய எடுக்கறப்ப ஒவ்வொரு தோட்டாவும் சேம்பர் வழியாத்தான் வருது, பேரல் எங்க பாக்குதுன்னு அப்பதான் பல பேர் மறக்கறாங்க.

பணம் பத்தியும் சொல்லணும், ஏன்னா கட்டுரையில அது ஒரு வரிகூட இல்ல. 1937ல பிட்மன் ராபர்ட்சன் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, ரைஃபிள், ஷாட்கன், தோட்டா எதையும் செய்யறவங்க 11 சதவீதம் வரி கட்டணும், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம்னு அப்புறம் சேந்துச்சு, அந்தப் பணம் பெரும்பாலும் வனவிலங்கு வேலைக்குத்தான் ஸ்டேட்டுகளுக்குப் போகும், பாதி நில அளவு பாத்து, பாதி எத்தன பேர் வேட்டை லைசென்ஸ் எடுத்திருக்காங்கன்னு பாத்து. நான் வாங்கற ஒவ்வொரு தோட்டாப் பெட்டி விலையிலயும் அது இருக்கு. பென்சில்வேனியா கேம் கமிஷன் 1895ல ஆரம்பிச்சப்ப இங்க மானே கண்ணுல படாது, வெட்டின மரமும் எரிஞ்ச மலையும்தான், 1906லேருந்து வெளி ஸ்டேட்லேருந்து மான கொண்டுவந்து விட்டாங்க, 1913ல யெல்லோஸ்டோன்லேருந்து ரயில்ல எல்க்ங்கற பெரிய மான கொண்டுவந்தாங்க. இன்னைக்கு அந்த கமிஷன்கிட்ட 15 லட்சம் ஏக்கர் காடு இருக்கு, வேட்டையாடாதவங்களும் அதுல நடக்கலாம், பறவை பாக்கலாம். இதுக்கெல்லாம் பொதுவான வரிப்பணம் கிடையாது, லைசென்ஸ் பணமும் இந்த வரியும் காடு மூலமா வர்ற வருமானமும்தான்.

அழிச்சதும் வேட்டைக்காரன்தானேன்னு கேப்பீங்க, ஆமா, அத மறைக்க நான் ஆளில்ல. 1870கள்ல தோலுக்காக காட்டெருமைய லட்சக்கணக்குல கொன்னாங்க, முக்கியமா ஷார்ப்ஸ் மாதிரி சிங்கிள் ஷாட் ரைஃபிள வச்சு, 1889ல எண்ணினப்ப மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். அது வியாபாரம், கறிய அழுகவிட்டுட்டு தோல மட்டும் உரிச்சுட்டுப் போனாங்க, அந்த நிலத்துல இருந்த பூர்வகுடிங்க பட்டினியாகணும்னு அரசாங்கத்துல இருந்தவங்களே அத வேடிக்கை பாத்தாங்க. அந்தப் பெரிய அழிவுக்கு அப்புறம்தான், 1887ல, பின்னாடி அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் சேந்து பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் ஆரம்பிச்சாங்க, சீசன், எண்ணிக்கை, விக்கக்கூடாதுங்கற கட்டுப்பாடெல்லாம் அந்த மாதிரி ஆளுங்க போராடி வந்ததுதான். ரூஸ்வெல்ட் டகோட்டாவுல 1876 மாடல் லீவர் ரைஃபிளோட திரிஞ்சவர், 1909ல ஆப்பிரிக்காவுக்குப் போனப்ப சிங்கத்துக்குன்னு எடுத்துட்டுப் போனது வின்செஸ்டர் 1895, ஃபோர் நாட் ஃபைவ்ங்கற தோட்டா போடறது, அதுவும் பிரவுனிங் டிசைன்தான்.

அதே ஃபோர் நாட் ஃபைவ் லீவர் ரைஃபிள் நம்ம தமிழ்நாட்டுக் காட்டுலயும் நடந்திருக்குங்க. பெங்களூர்ல இருந்த, வேட்டைக் கதை எழுதின கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் ஆட்கொல்லிப் புலி சிறுத்தைக்குப் போனப்ப கையில வச்சிருந்தது அதுதான். வெள்ளைக்காரத் துரைங்க ரெட்டைக் குழல் ரைஃபிள வச்சுக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல அவர் இந்த அமெரிக்க ரைஃபிளயே கடைசி வரைக்கும் நம்பினார். அப்புறம் 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, வேட்டை நின்னுச்சு, நின்னது நூத்துக்கு நூறு சரி. நம்ம காடு சின்னது, சுத்தி ஊரு, இருக்கறது கொஞ்சம், அத எண்ணி சீசன் வச்சு சுடற நிலைமையில நம்ம புலியும் கடமானும் இல்ல. இங்க பென்சில்வேனியாவுல மட்டும் கரடி 15 ஆயிரத்துக்கு மேல இருக்கு, 1970கள்ல சில ஆயிரம்தான் இருந்துச்சு, சுட சுட கூடிக்கிட்டுத்தான் வந்திருக்கு, ஏன்னா எண்ணிட்டுத்தான் சுடறாங்க. இங்க நடக்கறத அங்க கொண்டுவரணும்னு யாராவது சொன்னா நானே முதல் ஆளா எதுத்து எழுதுவேன்.

ஆசிரியரே, நான் கேக்கறது ரெண்டுதான். அடுத்த தடவை ஸ்கூல் துப்பாக்கிச்சூடு பத்தி எழுதும்போது அதுல எந்தத் துப்பாக்கி இருந்துச்சோ அதோட படத்த போடுங்க. அப்புறம், இங்க நவம்பர் கடைசியில தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை மான் சீசன் ஆரம்பிக்கும், திங்கக்கிழமை கிராமத்துப் பக்கம் நிறைய ஸ்கூலுக்கு லீவே விட்டுடுவாங்க, உங்க நிருபர் யாராவது இந்தப் பக்கம் வந்தா எங்க கேம்ப்புல தங்கலாம், துப்பாக்கிய தொட வேண்டாம், ஆரஞ்சு கோட்டு நாங்களே தர்றோம், பெரியவர்கிட்ட உக்காந்து பேசிட்டு எழுதட்டும்.

கடிதம் நீளமாப் போச்சு. இடம் இல்லன்னா ரூஸ்வெல்ட் பத்தினதையும் கரடி பத்தினதையும் வெட்டிக்கோங்க, எச்-1பி பத்தினதும் தோட்டா பத்தினதும் மட்டும் ஒரு வரிகூட குறைக்காம போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
பென்சில்வேனியா